ராக், ஜாஸ்னு ப்ரீசெட் இருக்கு, நம்ம பாட்டுக்கு எதைப் போடுறது?

கேள்வி: அண்ணே, தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன், பேரு போட வேணாம். அப்பா கடலுக்குப் போறாரு, நான் சின்னதா ஒரு சவுண்ட் சர்வீஸ் ஆரம்பிச்சிருக்கேன். 15 இஞ்ச் பாக்ஸ் ஒரு ஜோடி, குழாய் நாலு, மிக்சர், ஆம்ப், தனியா ஒரு 10 பேண்ட் ஈக்வலைசர் (கனமான சத்தத்துல இருந்து கீச்சு வரைக்கும் பத்துப் பங்காப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்லைடரால ஏத்தி இறக்குற பொட்டி). கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு எல்லாத்துக்கும் போறேன். செல்லுல பாத்தா ராக், ஜாஸ், பாப், கிளாசிக்கல்னு ரெடியா செட் பண்ணி வச்ச ப்ரீசெட் இருக்கு, நம்ம குத்துப் பாட்டுக்கு, பழைய பாட்டுக்கு, அனிபா பாட்டுக்கு எதைப் போடுறது? நான் ரெண்டு ஓரத்தையும் மேல ஏத்தி நடுவை இறக்கி வைக்கிறேன், வீட்ல செமையா இருக்கு, மைதானத்துல போட்டா வார்த்தை வெளங்கலைன்னு பெருசுங்க திட்டுறாங்க, பேஸ் பத்தலைன்னு பயலுக திட்டுறாங்க. குழாய்க்குள்ள சத்தம் போடுற யூனிட் அடிக்கடி போயிருது. சில நேரம் பாட்டு ஓடும், பாடுறவர் குரல் மட்டும் காணாமப் போயிரும், அது எந்த பேண்டு அண்ணே? 31 பேண்ட் வாங்கிட்டா எல்லாம் சரியாயிருமா?

பதில்: தம்பி, குரல் காணாமப் போற கேள்வியை முதல்ல முடிச்சிருவோம், ஏன்னா அது ஈக்வலைசர் சமாச்சாரமே கிடையாது. செல்லுல இருந்து மிக்சருக்கு வர்ற ஆக்ஸ் வயரோட பின்னைப் பாருங்க. பெரும்பாலான சினிமாப் பாட்டுல பாடுறவர் குரலை இடது வலது ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வச்சிருப்பாங்க, அந்தப் பின்னுல ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா வர்ற கிரவுண்டு டச் விட்டுப் போச்சுன்னா மிக்சருக்குப் போய்ச் சேர்றது ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான், ரெண்டுலயும் ஒண்ணா இருக்கிற குரலும் கிக் டிரம்மும் ஒண்ணையொண்ணு அடிச்சுக் காலி பண்ணிரும், ஓரத்துல வாசிச்ச வயலினும் எக்கோவும் மிஞ்சும். நம்ம ஊரு உப்புக் காத்துல பின்னு பச்சை பூக்குறதுக்கு ஒரு மழைக்காலம் போதும். பின்னை மாத்துங்க, சாக்கெட்ல கான்டாக்ட் கிளீனர் அடிங்க. ஸ்லைடரைத் தள்ளும்போது கரகரன்னு கேட்டா அதுக்கும் இதே மருந்துதான். வேலை முடிஞ்சு வந்ததும் மிக்சரைத் துணி போட்டு மூடி வைங்க, ராத்திரி முழுக்க வேன்ல திறந்து கிடக்க விடாதீங்க.

இப்ப ரெண்டு ஓரத்தையும் ஏத்தி நடுவை இறக்குற உங்க வி ஷேப்புக்கு வருவோம். அது வீட்ல நல்லா இருக்கிறதுக்குக் காரணம் உங்க செட்டிங் இல்ல, உங்க காது. சத்தம் கம்மியா இருக்கும்போது மனுசக் காதுக்குப் பேஸ் சரியா எட்டாது, ரொம்ப மேல உள்ள ட்ரெபிளும் கொஞ்சம் மங்கும், நடுவுல உள்ளது மட்டும் நல்லாக் கேக்கும், சத்தம் ஏற ஏற அந்த வித்தியாசம் குறைஞ்சுக்கிட்டே வரும். இதை 1933லயே அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து கோடு போட்டுக் காட்டிட்டாங்க. பழைய ஆம்புல லவுட்னஸ்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அது இதுக்காக வச்சதுதான், ராத்திரி மெதுவா வச்சுக் கேக்கும்போது அமுக்கணும், சத்தமா வைக்கும்போது எடுத்துரணும், நம்மாளுக வாங்கின அன்னைக்கு அமுக்குறதோட சரி, அப்புறம் எடுக்கிறதே இல்ல. நீங்க வீட்ல சின்ன சத்தத்துல ரெண்டு ஓரத்தையும் ஏத்தி அந்தக் குறையைச் சரிக்கட்டிட்டீங்க, அதே செட்டிங்கை மைதானத்துல முழுச் சத்தத்துல போடும்போது காதே பேஸை நல்லா வாங்கிக்குது, அது மேல நீங்க ஏத்தின பேஸும் சேந்து உக்காருது, நடுவுல குழி விழுந்துருச்சு. பெருசுங்க திட்டுறது நியாயம் தம்பி.

அந்தக் குழிக்குள்ளதான் வார்த்தை இருக்கு. பழைய லேண்ட்லைன் போன்ல 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கிற கணக்கு, நம்பர் கம்மின்னா கனம், கூடுனா கீச்சு) வரைக்கும்தான் போகும், அதுலயே பம்பாய்ல இருக்கிறவன் பேசுறது நமக்கு வெளங்குச்சு இல்லையா, அப்ப பேச்சு வெளங்குறதுக்கு அந்த எடம் போதும்னு அர்த்தம். உங்க 10 பேண்டுல உள்ள நம்பரைப் பாருங்க, 31, 62, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000, 16000, ஒவ்வொண்ணும் முந்தினதுக்கு டபுள், சங்கீதக் கணக்குல சொன்னா ஒரு ஸ்தாயி. ஆ, ஊ, ஓன்னு இழுக்கிற உயிரெழுத்தோட தெம்பு பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழ, க, ச, ட, த, பன்னு வெட்டி வெட்டி வர்றதோட கூர்மை ரெண்டாயிரத்துக்கு மேல. நீங்க 1000, 2000, 4000 மூணையும் இறக்கிட்டு எட்டாயிரத்தை ஏத்துறீங்க, பாடுறவர் இழுக்கிறது கேக்குது, என்ன வார்த்தைன்னு தெரியல, நடுவுல ஸ்ஸ் ஸ்ஸ்னு மட்டும் வருது. 250க்கும் 500க்கும் நடுவுல கூடிப் போனா வேற வியாதி, பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருக்கும், சின்ன மண்டபத்துல அதைத்தான் நிறையப் பேரு பேஸ் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க.

ப்ரீசெட் பத்தி நான் சொல்றது கொஞ்சம் கடுப்பா இருக்கும், நம்ம பாட்டுக்கு மட்டுமில்ல, எந்தப் பாட்டுக்குமே அதைப் போட வேண்டியதில்ல. ராக்னு எழுதுனவனுக்கு உங்ககிட்ட இருக்கிறது 15 இஞ்சா குழாயான்னு தெரியுமா, சர்ச்சுக்கு உள்ள வச்சிருக்கீங்களா வெளியில மணல்லயான்னு தெரியுமா? பாட்டை ரெக்கார்ட் பண்ணுன எடத்துலயே ஒரு ஆள் உக்காந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஈக்வலைசர் போட்டு முடிச்சுத்தான் வெளிய விட்டுருக்காங்க. நம்ம வேலை அதை மறுபடி செய்றது இல்ல, நம்ம பாக்ஸும் எடமும் காத்தும் அதுல என்னத்தைக் கூட்டிருச்சோ அதை எடுத்துவிடுறதுதான். அதனால ஈக்வலைசர்ல முக்கால்வாசி வேலை இறக்குறது, ஏத்துறது கால்வாசி கூட வராது. செல்லுல ஒரு ப்ரீசெட், மிக்சர்ல ஒரு பேஸ் ட்ரெபிள், அதுக்குப் பின்னால 10 பேண்ட், மூணு எடத்துல ஏத்தினா எங்க எது கூடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? செல்லுல உள்ளதை ஆஃப் பண்ணிருங்க, அது கெடந்து போகட்டும்.

யூனிட் போறதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். டெசிபல் கணக்கு ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. 3 டெசிபல் ஏத்தினா ஆம்ப் டபுள் பவர் குடுக்கணும், 6 ஏத்தினா நாலு மடங்கு, 12 ஏத்தினா பதினாறு மடங்கு. ஸ்லைடர் உச்சியில பெரும்பாலும் 12னு போட்டிருப்பான். 62ஐ உச்சிக்குத் தள்ளினா, அந்தப் பேஸுக்கு 20 வாட்ஸ் போதும்னு ஓடிக்கிட்டு இருந்த ஆம்புகிட்ட 320 வாட்ஸ் கேக்குறீங்க, அதுகிட்ட அம்புட்டு இல்ல, அது எட்டுன வரைக்கும் போயிட்டு உச்சியை வெட்டிரும், கிளிப் லைட் சிவப்பா நிக்கிறது அதுதான். அப்படி வெட்டுப்பட்ட சத்தத்துல இல்லாத ட்ரெபிள் எல்லாம் புதுசா முளைச்சு மேல் டிரைவருக்கு, அதாவது ட்வீட்டருக்குப் போகும், அதோட காயில் தலைமுடி மாதிரி மெல்லிசு, தாங்காது. பேஸை ஏத்தினதுக்கு ட்வீட்டர் எரியுதேன்னு நிறையப் பேரு குழம்புறது இதுலதான். 31ஐ ஏத்துறது இன்னும் வீண், உங்க 15 இஞ்ச் பாக்ஸ் 40, 45க்குக் கீழ பெருசா ஒண்ணும் பேசாது, கோன் மட்டும் முன்னும் பின்னும் ஆடும், பாக்க நல்லா இருக்கும், காதுக்கு வராது, கடைசியில கோனு கிழியும். அந்த 31 ஸ்லைடரை நிரந்தரமாவே கீழ இறக்கி வைங்க, பேஸ் குறையாது, பாக்ஸுக்கு மூச்சு வந்து 62ம் 125ம் முன்னைவிட இறுக்கமா விழும்.

குழாய்க்கு இதைவிட மோசம். குழாய் பேசுறது சுமாரா 300, 400ல ஆரம்பிச்சு அஞ்சாயிரம் ஆறாயிரத்துல முடிஞ்சுரும், அதுக்குக் கீழ பேஸை அனுப்புனா குழாய்க்குள்ள உள்ள காத்து அதைத் தாங்கிப் பிடிக்காது, யூனிட்டுக்குள்ள அதிர்ற மெல்லிசான டயாஃப்ரம் தன் பாட்டுக்கு ஆடி அடிபட்டுக் கிழியும். பாக்ஸுக்கும் குழாய்க்கும் ஒரே லைனைக் குடுத்திருப்பீங்கன்னு தோணுது, முடிஞ்சா குழாய்க்குத் தனி ஆம்ப், அதுல லோ கட் போட்டு 300க்குக் கீழ எதுவும் போகாம பண்ணிருங்க. தனி ஆம்ப் இல்லைன்னா குழாய் மட்டும் ஓடுற வேலைக்கு 31, 62, 125 மூணையும் அடி வரைக்கும் இறக்கிருங்க, 250ஐப் பாதி. ஒரு வித்தியாசமும் கேக்காது, யூனிட் செலவு மட்டும் குறையும்.

அடுத்தது எடம், இதைத்தான் யாரும் கவனிக்கிறது இல்ல. டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபம், நாலு பக்கமும் மொட்டைச் சுவரு, அங்க பேஸும் 250ம் சுத்திச் சுத்தி வந்து குவியும், 125ல 2, 250ல 3 இறக்கினாலே வார்த்தை மேல வந்துரும். சாயங்காலம் காலி மண்டபத்துல செக் பண்ணும்போது கூர்மையா இருக்கும், ஆளுக வந்து பட்டுச்சேலையோட உக்காந்ததும் அந்த உடம்பும் துணியும் ட்ரெபிளைக் குடிச்சிரும், அதனால காலியில லேசா உறுத்துற மாதிரி இருந்தா பதறி இறக்காதீங்க. கடக்கரையில மணல்ல போடும்போது திருப்பி அனுப்ப சுவரே இல்ல, பேஸ் நாலு பக்கமும் ஓடிரும், பயலுக பத்தலைன்னு சொல்றது பொய் இல்ல. அதுக்கு ஸ்லைடரை ஏத்தாம ரெண்டு பாக்ஸையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டித் தரையில வச்சுப் பாருங்க, பேஸ் தன்னால கூடும், இதுக்கு கரண்டு செலவு கிடையாது. தகர ஷெட்டுன்னா தகரம் எந்த எடத்துல அதிருதோ அந்த பேண்டை மட்டும் இறக்குங்க, பெரும்பாலும் 125 பக்கம் மாட்டும்.

காத்தை ஈக்வலைசரால ஒண்ணும் பண்ண முடியாது. காத்துக்கு எதிரா போற சத்தம் மேல வளைஞ்சு ஆகாசத்துக்குப் போயிரும், காத்தோட போறது கீழ வளைஞ்சு ஆளுக மேல விழும், பின்னாடி நிக்கிறவனுக்குக் கேக்கலைன்னு நீங்க இங்க ரெண்டாயிரத்தை ஏத்தினா முன்வரிசைக்காரன் காதைப் பொத்துவான், பின்னாடி அப்பவும் கேக்காது. மேற்க இருந்து வர்ற கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மேடை மேற்க இருந்து கிழக்க பாக்கணும், வாடையில வடக்க இருந்து தெக்க. மேடை எங்கன்னு கமிட்டிக்காரங்க முடிவு பண்ணிட்டாங்கன்னா குழாயையாவது காத்தோட திருப்பிக் கட்டுங்க, அன்னைக்கு காத்து எப்படி திரும்பும்னு உங்க அப்பாகிட்ட கேட்டா அவரைவிட யாரு சரியா சொல்லப் போறா. இன்னொண்ணு, தெரு நீளத்துக்குக் குழாய் கட்டுறீங்கல்ல, சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 350 மீட்டர்தான் போகும், 100 மீட்டர் தள்ளி ஒரு குழாய் உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தா அதுல வர்ற வார்த்தை கால் செகண்டுக்கும் மேல லேட்டா வந்து அடுத்த வார்த்தை மேல ஏறும். வார்த்தை வெளங்கலைன்னு வர்ற புகார்ல பாதி இதுதான். குழாய் எல்லாம் மேடைக்கு முதுகு காட்டி ஒரே பக்கமா பாக்கட்டும், தூரத்துக் குழாய் மேடையைப் பாக்கவே கூடாது.

செட் பண்ற முறை இதுதான். எல்லா ஸ்லைடரும் நடுவுல, உங்களுக்கு ஒவ்வொரு அடியும் மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரு பாட்டு, அதுல குரலும் வேணும் பேஸும் வேணும், நல்ல ஃபைலா இருக்கணும், அங்க இங்க மாத்தி மாத்தி நசுங்கிப் போனது வேணாம். அன்னைக்கு ஓட்டப் போற சத்தத்துலயே போடுங்க, மிக்சர் பக்கத்துல நிக்காம மூணாவது வரிசைக்கும் கடைசிக்கும் நடந்து போய்க் கேளுங்க. எது அதிகமா இருக்குன்னு மட்டும் கேளுங்க, எது கம்மின்னு கேக்காதீங்க. எதுன்னு பிடிபடலைன்னா ஒரு ஸ்லைடரை நல்லா மேல தள்ளிப் பாருங்க, அந்தக் கோளாறு அசிங்கமாப் பெருசாச்சுன்னா அதுதான் ஆளு, அதை நடுவுக்குக் கீழ 3 இறக்குங்க, பத்தலைன்னா 5. பக்கத்துப் பக்கத்து ஸ்லைடர் ஒண்ணு உச்சியிலயும் ஒண்ணு அடியிலயும் நின்னா ஏதோ தப்பு, திரும்ப நடுவுல இருந்து வாங்க. ஈக்வலைசர் இல்லாமச் சத்தத்தை நேரா விடுற பைபாஸ் பட்டன் இருந்தா போட்டு எடுத்துப் பாருங்க, ஆனா ரெண்டும் ஒரே சத்தமா இருக்கணும், ஏன்னா சத்தம் கூட இருக்கிறது எதுவா இருந்தாலும் காது அதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லும்.

இப்படி எடத்துக்குச் செட் பண்ணி முடிச்சதுக்கு அப்புறம்தான் பாட்டு வகை. அதுக்கு ரெண்டு ஸ்லைடர், மிஞ்சிப் போனா மூணு, அதுவும் 2, 3 டெசிபல், அதுக்கு மேல வேலையே இல்ல.

ஐம்பது அறுபதுகள் பாட்டுல எட்டாயிரத்துக்கு மேல பெருசா ஒண்ணும் இருக்காது, அந்தக் காலத்து மைக்கும் தட்டும் அம்புட்டுதான் பிடிச்சுச்சு, 16000ஐ ஏத்தினா உஸ்ஸுன்னு இரைச்சல் மட்டும் வரும், அதை 4, 5 இறக்கிருங்க. கீழ 62க்குக் கீழ தட்டு சுத்துற உறுமல் இருக்கும், அதையும் இறக்குங்க. குரல் எட்டலைன்னா 2000ல 2 ஏத்தலாம், நான் ஏத்தச் சொல்ற அபூர்வமான எடம் இது. ஒரு விசயம் கவனிச்சிருக்கீங்களா, பழைய பாட்டு பாக்ஸைவிடக் குழாய்ல நல்லா இருக்கும், அந்த ரெக்கார்டிங் பேசுற எடமும் குழாய் பேசுற எடமும் ஏறக்குறைய ஒண்ணு. நம்ம கரையில பெருசுங்க பாதிப்பேரு இலங்கை வானொலியை மீடியம் வேவ்ல கேட்டு வளந்தவங்க, மீடியம் வேவ்ல அஞ்சாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் பெருசா வராது, அவங்களுக்குப் பாட்டுன்னா நடுப்பகுதிதான், நீங்க அதைக் குழி தோண்டி எடுத்தா கோவம் வராம என்ன பண்ணும்.

நாகூர் அனிபா பாட்டுக்குத் தனியா கேட்டிருக்கீங்க. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் வேலைக்குப் போனா அது இல்லாம முடியாது. மத்த ஆம்பளைக் குரலுக்கு நான் 250ஐ லேசா இறக்கச் சொல்வேன், அவருக்கு அதைச் செய்யாதீங்க, அந்தக் கம்பீரம் பூராவும் 250, 500லதான் நிக்குது, அங்க கை வச்சா வேற யாரோ பாடுற மாதிரி ஆயிரும். 62ஐ இறக்குங்க, 4000ல ஒரு 2 இறக்குங்க, ஏன்னா அவர் உச்சத்துல பாடும்போது குழாய் அந்த எடத்துல குத்தும். அவ்வளவுதான், மத்தது எல்லாம் நடுவுல இருக்கட்டும்.

எண்பதுகள் பாட்டுக்கு வி ஷேப் போடுறது பெரிய பாவம். அதுல பேஸ் கிட்டார் தனியா ஒரு பாட்டே பாடிக்கிட்டு வரும், பேஸ் கிட்டாரோட அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ்தான், ஆனா அது என்ன ஸ்வரம் வாசிக்குதுன்னு நமக்குத் தெரியுறது 100ல இருந்து 300 வரைக்கும் உள்ள எடத்துல, நீங்க 62ஐ ஏத்தி 250ஐ இறக்கினா தொம் தொம்னு இடி மட்டும் மிஞ்சும், ஸ்வரம் போயிரும். இந்தப் பாட்டுக்கு எடத்துச் செட்டிங் போதும், தொடாதீங்க. மைதானம் பெருசுன்னா இடது வலது ரெண்டையும் ஒண்ணாக் கலக்குற மோனோ பட்டனைப் போட்டுருங்க, இல்லைன்னா ஒரு பக்கம் உக்காந்தவனுக்கு வயலினும் இன்னொரு பக்கம் உக்காந்தவனுக்கு புல்லாங்குழலும்தான் கேக்கும்.

இப்ப வர்ற குத்துப் பாட்டு நேர் எதிர். அதுல பேஸை அவனே ஏத்தி, மொத்தப் பாட்டையும் நசுக்கி, உச்சி வரைக்கும் சத்தம் பண்ணித்தான் அனுப்புறான். பழைய பாட்டு முடிஞ்சு அது வந்ததும் சத்தம் எகிறும் பாருங்க. அங்க முதல் வேலை மிக்சர்ல கெயினை, அதாவது உள்ள வர்ற சத்தத்தோட அளவைக் குறைக்கிறது. அப்புறம் பயலுக கேக்குற அந்த நெஞ்சுல அடிக்கிற அடி 31லயோ 62லயோ மட்டும் இல்ல, 62க்கும் 125க்கும் நடுவுல இருக்கு, 250ஐ 3 இறக்கிப் பாருங்க, பேஸைத் தொடாமலே பேஸ் கூடுன மாதிரி இருக்கும். அப்பவும் பத்தலைன்னா உங்ககிட்ட பாக்ஸ் பத்தலைன்னு அர்த்தம், ஸ்லைடர் ஏத்திப் பாக்ஸ் வாங்க முடியாது. பத்து மணி தாண்டினா எதுவும் வேணாம், ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் வெளியில லவுட்ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000ல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதியில இருக்கு, ஸ்டேஷன்ல போய் ஆம்பை மீட்டுட்டு வர்ற வேலை உங்களுக்கு வேணாம்.

கர்நாடக சங்கீதம், வீணை, வயலின் கச்சேரி சிடி எல்லாம் நடுவுல விட்டாலே போதும். நேர்ல வாசிக்கிற நாகஸ்வரம்தான் வில்லங்கம். காது ரொம்ப உணர்வா இருக்கிறது 2000ல இருந்து 5000 வரைக்கும், நாகஸ்வரம் தன் பலத்தை எல்லாம் அந்தப் பக்கம்தான் கொண்டுவந்து கொட்டும். மைக்கை நாகஸ்வரத்தோட நுனியில விரிஞ்சு நிக்கிற அனசு வாய்க்குள்ள சொருகுற மாதிரி வைக்காம மூணடி தள்ளி வைங்க, அந்த மைக் சேனல்ல மட்டும் மிட்டை, அதாவது நடுப்பகுதியை 3, 4 இறக்குங்க, மொத்த ஈக்வலைசர்ல இறக்கினா தாலி கட்டும்போது ஐயர் சொல்ற மந்திரமும் சேந்து மங்கிரும். தவுலுக்கு கூடு போட்ட விரல் படுற வலந்தலைப் பக்கம் மைக்கே தேவைப்படாது, குச்சி படுற தொப்பிப் பக்கம் வேணா ஒண்ணு லேசா வைக்கலாம். சின்ன மண்டபம்னா ரெண்டுக்கும் மைக் வேணாம்னு சொல்லிப் பாருங்க, மேளக்காரங்க கோவிச்சுப்பாங்க, ஆனா கேக்குறவங்க கும்பிடுவாங்க.

சர்ச்ல பிரசங்கம், பாடற்குழு மைக்குக்கு லோ கட் பட்டனை அமுக்கிருங்க, 80, 100க்குக் கீழ மனுசன் பேசுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, காத்து மைக்ல மோதுற பொதபொதப்பும் மேடையில காலடிச் சத்தமும்தான் அங்க இருக்கு, வெளியில வைக்கிற மைக்குக்கு ஸ்பான்ஞ் தொப்பி கட்டாயம். மைக் ஊளையிடும்போது எல்லாரும் ட்ரெபிளைக் குறைக்க ஓடுறாங்க, முதல்ல காதைக் குடுத்துக் கேளுங்க, ஊஊன்னு கனமா வந்தா 250, 500, கூவுற மாதிரி வந்தா ஆயிரம் ரெண்டாயிரம், கீச்சுன்னு காதைக் கீறினா 4000க்கு மேல. அந்த ஒண்ணை மட்டும் 3, 4 இறக்கினா நின்னுரும். ஆனா அதுக்கும் முன்னாடி பாக்ஸ் மைக்குக்கு முன்னால இருக்கா, மைக்கைப் பாத்துக்கிட்டு இருக்கான்னு பாருங்க, பாக்ஸ் ஸ்டேண்டை நாலடி முன்னால நகத்துறது எந்த ஸ்லைடரைவிடவும் நல்ல வைத்தியம்.

ஜெனரேட்டர்ல ஓடும்போது ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்தா அது 50 ஹெர்ட்ஸ், இல்ல அதோட டபுள் 100. அதை 62ஐயும் 125ஐயும் இறக்கி மறைக்கலாம்தான், பாட்டோட பேஸும் சேந்து போயிரும். எர்த்திங்லயும் வயர்லயும் உள்ள கோளாறு அது, மிக்சருக்கும் ஆம்புக்கும் ஒரே போர்டுல இருந்து கரண்ட் எடுங்க. அந்த ம்ம்ம் சத்தம் போகும்னு பிளக்ல எர்த் பின்னை ஒடிச்சு விடுறதை நம்ம பக்கம் நிறைய பாக்குறேன், ஈர மணல்ல செருப்பில்லாம நிக்கிற பாடகர் கையில இரும்பு மைக், யோசிச்சுப் பாருங்க, அதை மட்டும் செஞ்சிராதீங்க.

31 பேண்டைப் பொறுத்தவரைக்கும், இப்ப வேணாம். அதுல ஒவ்வொரு ஸ்தாயியையும் மூணாப் பிரிச்சிருப்பான், ஊளையிடுற எடத்தை மட்டும் நறுக்குன்னு வெட்டுறதுக்கு அது ரொம்ப நல்லது, மைக் வேலை உங்களுக்கு அதிகமானா வாங்குங்க. பத்து ஸ்லைடர்ல எந்தச் சத்தம் எங்கன்னு காது பழகுறதுக்கு முன்னாடி 31ஐக் கையில குடுத்தா குழப்பம்தான் மூணு மடங்காகும். கையில காசு இருந்தா முதல்ல குழாய்க்குத் தனி ஆம்ப், அப்புறம் நல்ல மைக் ஒண்ணு, வயர்ப் பின்னு எல்லாம் புதுசு. அதுக்கு அப்புறமும் மிச்சம் இருந்து 31 பேண்ட் வாங்கினா முன்னாடி மூடி போட்டுத் திருகுற மாதிரி வர்றதாப் பாத்து வாங்குங்க, ஏன்னா நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு எவனாவது வந்து எல்லா ஸ்லைடரையும் உச்சிக்குத் தள்ளிட்டு இப்பத்தான்டா பேஸ் வருதுன்னு நிப்பான்.